அந்த கவரை யார் போஸ்ட் பண்ணது?

ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி சத்யம் கம்ப்யூட்டர்ஸோட கணக்கு மோசடி பத்தி எங்க பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் உடனே புலி கதைய எடுத்து விட்டுடுவாங்க. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதோட சேர்மன் ராமலிங்க ராஜு தன்னோட போர்டுக்கு எழுதின லெட்டர்ல, புலி மேல ஏறி உக்காந்துட்டோம், அது நம்மள தின்னாம எப்படி இறங்கறதுன்னு தெரியலங்கற அர்த்தத்துல ஒரு வரி எழுதியிருந்தாரே, அதுதான். எனக்கு அந்த வரி மேல ரொம்ப நாளா எரிச்சல். நல்லா எழுதின வரி, அதான் பிரச்சனையே. படிச்சவுடனே மனசுல ஒரு மனுஷன், ஒரு புலி, ஒரு காடு, அவ்ளோதான் நிக்கும். பாவம் மனுஷன் மாட்டிக்கிட்டாருன்னு கூட தோணும். ஆனா அந்தப் புலிக்கு வேளாவேளைக்கு தீனி போட ஆள் இருந்தாங்க, கொட்டகை கூட்ட ஆள் இருந்தாங்க, வருஷா வருஷம் வந்து பாத்துட்டு "புலி நலம்"னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு ஃபீஸ் வாங்கிட்டுப் போக பெரிய ஆடிட் கம்பெனியும் இருந்துச்சு. நான் எழுத வந்தது இவங்களப் பத்தி.

மொதல்ல தொகை எல்லாம் ஒரு தடவை பாத்துடலாம், ஏன்னா பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, "ஏதோ 7,000 கோடி"ன்னுதான் நிறைய பேருக்கு ஞாபகம். 2008 செப்டம்பர் 30 கணக்குப்படி சத்யம் புக்ஸ்ல இருந்த கேஷும் பேங்க் பேலன்ஸும் 5,361 கோடி. அதுல 5,040 கோடி கிடையவே கிடையாதுன்னு ராஜு அந்த லெட்டர்லயே எழுதிட்டார். இல்லாத டெபாசிட்டுக்கு வரவேண்டிய வட்டின்னு 376 கோடி, அதுவும் கிடையாது. கணக்குல காட்டாத கடன் 1,230 கோடி. கஸ்டமர்ங்க தரவேண்டிய பாக்கியில 490 கோடி சும்மா ஏத்தி வச்சது. அந்த ஒரு குவார்ட்டருக்கு மட்டும் வருமானம் 2,700 கோடின்னு சொல்லியிருந்தாங்க, நிஜம் 2,112 கோடி. ஆப்பரேட்டிங் லாபம் 649 கோடின்னு சொன்னது நிஜத்துல 61 கோடி. அதாவது நூறு ரூபாய்க்கு 24 ரூபாய் லாபம் பாக்கற கம்பெனின்னு ஊரே நினைச்சது, உண்மையில 3 ரூபாய் பாத்துக்கிட்டு இருந்துச்சு. முந்தின நாள் 179 ரூபாய்ல முடிஞ்ச ஷேர் அன்னிக்கு சாயங்காலம் 40 ரூபாய்க்கு வந்து நின்னுச்சு.

நான் ஆடிட் லைன்ல இருக்கேன்னு தெரிஞ்சா கல்யாண வீட்டுல பந்திக்கு வெயிட் பண்றப்ப கூட இத கேப்பாங்க. "சேல்ஸ ஏத்திக் காட்டலாம், ஸ்டாக்க ஏத்திக் காட்டலாம், அது புரியுது தம்பி. பேங்க்ல இருக்கற காச எப்படி ஏத்திக் காட்ட முடியும்? பேங்க்ல கேட்டா தெரிஞ்சிடாதா?"

கேட்டா தெரிஞ்சிடும். சத்யமே காட்டற விஷயம் அதான். கேட்டிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும். கேட்டோம்னு ஃபைல்ல பேப்பரும் இருந்துச்சு. ஆனா கேட்ட விதம் இருக்கு பாருங்க, அங்கதான் எல்லாமே போச்சு.

ஆடிட்ல இதுக்கு பேங்க் கன்ஃபர்மேஷன்னு பேரு. பெரிய சயின்ஸ் ஒண்ணும் இல்ல. மார்ச் 31 அன்னிக்கு இந்தக் கம்பெனி பேர்ல உங்ககிட்ட கரண்ட் அக்கவுண்ட்ல எவ்ளோ இருக்கு, எஃப்டி எவ்ளோ, ஓடி, சிசின்னு கடன் லிமிட் எவ்ளோ, பேங்க் கேரண்டி குடுத்திருக்கீங்களா, எதையாவது அடமானம் பிடிச்சிருக்கீங்களான்னு ஒரு லெட்டர் பேங்குக்குப் போகும். கம்பெனி லெட்டர்ஹெட்ல, கம்பெனி கையெழுத்தோடதான் போகணும், இல்லன்னா பேங்க் பதில் சொல்லாது, கஸ்டமரோட விவரத்த யார்கிட்டயும் சொல்லக்கூடாதுல்ல. ஆனா போஸ்ட் பண்றது ஆடிட்டர். பதில் வரவேண்டியது ஆடிட்டர் அட்ரஸுக்கு. நடுவுல கம்பெனி கை படக்கூடாது. மொத்த விஷயமே இந்த கடைசி வரிதான், மீதி எல்லாம் ஃபார்மேட்.

நான் சி.ஏ. படிப்புக்கான ட்ரெயினிங், அதாவது ஆர்டிகிள்ஷிப் பண்ணப்போ கோயமுத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஆடிட் போவோம். ஏப்ரல் மே வெயில். மில்லுல ஆடிட் பசங்களுக்கு ராஜ மரியாதை, பதினோரு மணிக்கு மோர், மதியம் மொதலாளி வீட்ல இருந்தே சாப்பாடு, நாலு மணிக்கு பஜ்ஜியோ போண்டாவோ. அக்கவுண்ட்ஸ் பாத்தவர் வயசான மனுஷன், வெள்ளை சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா, ஒண்ணு பச்சை மை. பேங்க் லெட்டர் எல்லாம் ரெடி பண்ணி கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டு அவர் சொல்லுவார், "ஏனுங் தம்பி இந்த வெயில்ல அலையறீங்க, நான் எப்புடியும் டவுனுக்கு பேங்குக்குப் போறனுங்க, மேனேஜர் நமக்கு வேண்டப்பட்டவருங்க, கையோட வாங்கியாந்து குடுத்தர்றனுங்க."

அவர் அத கெட்ட எண்ணத்துல சொல்லல. நிஜமாவே நாங்க அலையக்கூடாதுன்னுதான் சொன்னார். ஆனா எங்க ஆடிட்டர் சார் அத ஒருநாளும் ஒத்துக்க மாட்டார். கவர்ல ஸ்டாம்ப் ஒட்டி, உள்ள எங்க ஆபீஸ் அட்ரஸ் எழுதின ரிப்ளை கவரும் வச்சு, பையில போட்டு எடுத்துட்டு வரணும், வர்ற வழியில நாங்களே போஸ்ட் பாக்ஸ்ல போடணும், மில்லு தபால் பையில சேத்துடக் கூடாது. ஒரு தடவை அந்த அக்கவுண்டன்ட் கொஞ்சம் மனசு வருத்தப்பட்டு சார்கிட்டயே கேட்டுட்டார், "எங்க மொதலாளி மேல நம்பிக்கை இல்லீங்களா?"ன்னு. சார் சிரிச்சுக்கிட்டே, "நம்பிக்கை இருக்கறதுனாலதாங்க வேலைய ஒத்துக்கிட்டேன். ஆனா நம்பறதுக்கா எனக்கு ஃபீஸ் குடுக்கறீங்க?"ன்னார். அவரும் சிரிச்சுட்டார். பேங்க் பதில் வந்துச்சு, பைசா சுத்தமா ஒத்துப்போச்சு, அந்த மில்லுல ஒரு தப்பும் இல்ல. வருஷா வருஷம் இதேதான். தப்பு இல்லாத இடத்துலயும் அந்த கவர நாமளே போடணும்ங்கறது எனக்குப் பழகினது அங்கதான்.

ஒரிஜினல் பேங்க் பதில் எப்படி இருக்கும்னு கையில வாங்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும். அழகாவே இருக்காது. ரெண்டு மூணு ரிமைண்டருக்கு அப்புறம்தான் வரும். பாதி கட்டத்துல கோடு இழுத்து "இல்லை"ன்னு கையால எழுதியிருப்பாங்க, ஒரு எண்ண அடிச்சு மேல திருத்தி பக்கத்துல இனிஷியல் போட்டிருப்பாங்க, ரவுண்டு சீல் பாதி கையெழுத்து மேல விழுந்திருக்கும், கையெழுத்துக்குக் கீழ ஆஃபீசரோட நம்பர் இருக்கும். வேற ஆபீஸ்ல ஆர்டிகிள்ஷிப் பண்ண பசங்க சிலர் சொல்லுவாங்க, "எங்க பார்ட்டி சூப்பர்டா, காலைல கேட்டா டீ டைமுக்குள்ள லெட்டர் வந்துடும், நீட்டா டைப் பண்ணி." அப்போ பொறாமையா இருந்துச்சு. இப்போ நினைச்சா வேற மாதிரி இருக்கு.

சரி, சத்யத்துக்கு வருவோம். அங்க எப்படி நடந்துச்சுன்னு படிப்படியா பாத்தாதான் எத்தன கை இதுல பட்டிருக்கணும்னு புரியும். மொதல்ல இன்வாய்ஸ். சத்யம்ல இன்வாய்ஸ் போட ஒரு சிஸ்டம் இருந்துச்சு, அதுல சில இன்வாய்ஸ மட்டும் 'எச்'னு ஒரு ஸ்டேட்டஸ்ல போடலாம், எச்னா ஹைட், மறைச்சு வை. அப்படிப் போட்டா ப்ராஜெக்ட் பாக்கற டீம் கண்ணுல அது படாது, கஸ்டமருக்கும் போகாது, ஆனா ஃபைனான்ஸ் கணக்குல சேல்ஸா ஏறிடும். 6,000-க்கு மேல போலி இன்வாய்ஸ்னு அமெரிக்காவுல பங்குச்சந்தைய கண்காணிக்கற எஸ்.இ.சி. சொல்லுச்சு. ஆறாயிரம்! ராஜுவா ராத்திரி உக்காந்து டைப் அடிச்சிருப்பார்?

இப்போ சேல்ஸ் ஏறிடுச்சு, பணம் வரல. அப்போ அது கஸ்டமர் பாக்கின்னு நிக்கும். ரொம்ப நாள் நின்னா ஆடிட்டர் கேப்பான், அனலிஸ்ட் கேப்பான். அதனால பணம் வந்துடுச்சுன்னு ஒரு என்ட்ரி போடணும். வந்த பணம் பேங்க்ல இருக்கணும்ல, அப்போ பேங்க் ஸ்டேட்மென்ட் தயார் பண்ணணும். அவ்ளோ பணம் கரண்ட் அக்கவுண்ட்ல சும்மா தூங்கினா ஏன் வட்டிக்குப் போடலன்னு கேள்வி வரும், அப்போ எஃப்டி ரசீது தயார் பண்ணணும். எஃப்டி இருந்தா வட்டி வரணும், அப்போ வட்டிய வருமானத்துல காட்டணும். வருமானம்னா வரி. இதுல கூத்து என்னன்னா இல்லாத வருமானத்துக்கு இருக்கற காச எடுத்து வரி கட்டியிருக்காங்க! அந்த வரி விவகாரம் கம்பெனி கை மாறின பிறகும் இன்கம் டாக்ஸோட வருஷக்கணக்கா கோர்ட்ல இழுத்துச்சு. எஃப்டின்னு காட்டினது 3,300 கோடிக்கு மேல, விசாரணையில போய்ப் பாத்தா நிஜமா இருந்தது 10 கோடி கூட இல்ல.

ஒரு பொய் சொன்னா அத மறைக்க ஒன்பது பொய்ன்னு பாட்டிங்க சொல்லுவாங்கல்ல, டபுள் என்ட்ரி கணக்குல அது அப்படியே சட்டமாவே இருக்கு, ஒரு பக்கம் எழுதினா இன்னொரு பக்கம் எழுதியே ஆகணும். அந்த ஒவ்வொரு என்ட்ரியும் ஒரு சீட்ல உக்காந்திருக்கற ஒரு மனுஷன் கீபோர்டுல அடிச்சது. அவனுக்கும் வீட்டு லோன் இருந்திருக்கும், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

ஆடிட்டர் பக்கம் வருவோம். சத்யம் நியூயார்க் பங்குச்சந்தையிலயும் லிஸ்ட் ஆகியிருந்ததால அமெரிக்காக்காரங்க தனியா விசாரிச்சாங்க. 2011 ஏப்ரல்ல எஸ்.இ.சி. ஆர்டர் வந்துச்சு, பிரைஸ் வாட்டர்ஹவுஸோட இந்திய ஃபர்ம்கள் மேல 60 லட்சம் டாலர் அபராதம், ஆடிட் கம்பெனிகள கண்காணிக்கற பிசிஏஓபி தனியா 15 லட்சம் டாலர். அபராதத்த விடுங்க, அதுல எழுதியிருந்த காரணம்தான் முக்கியம். பேங்க் கன்ஃபர்மேஷன் லெட்டர அனுப்பறதையும் பதில் வாங்கறதையும் ஆடிட் டீம் மொத்தமா கம்பெனி கையிலயே குடுத்துட்டாங்க, வந்த பதில் நிஜமான்னு கேள்வி கேக்கல, இது சத்யம்ல மட்டும் நடந்த விஷயமும் இல்ல, அந்த ஃபர்மோட வழக்கமே அப்படித்தான் இருந்துச்சுங்கற அர்த்தத்துல எழுதியிருந்தாங்க. அத மொத தடவை படிச்சப்ப எனக்கு அந்த பச்சை மை பேனா மனுஷன்தான் ஞாபகம் வந்தார். "கையோட வாங்கியாந்து குடுத்தர்றனுங்க." உலகத்துல நாலு பெரிய ஆடிட் ஃபர்ம்ல ஒண்ணு, கோட்டு சூட்டு, மேனுவல் ஆயிரம் பக்கம், ஆனா கவர் கொண்டு போனது பார்ட்டியோட ஆளு. மாப்பிள்ளை எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வாங்கன்னு மாப்பிள்ளையோட தம்பிகிட்டயே சொல்லி அனுப்பின மாதிரி.

இதவிட மோசமான ஒண்ணும் இருக்கு. சிபிஐ போட்ட கேஸ்ல, சில பேங்க் ப்ராஞ்ச்ல இருந்து ஆடிட்டருக்கு நேராவே சரியான பேலன்ஸோட பதில் வந்திருக்குன்னு சொன்னாங்க. அதுக்கும் கம்பெனி வழியா வந்த லெட்டருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ரெண்டும் ஒரே ஃபைல். சோம்பேறித்தனம்னு இத என்னால ஒதுக்க முடியல. ரெண்டு லெட்டர் கையில இருக்கறப்ப பெரிய தொகை இருக்கறத எடுத்துக்கிட்டு சின்னத ஓரமா வைக்கறதுன்னா அது ஒரு முடிவு.

ஏதோ நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு தலையில அடிச்சுக்கறவங்களுக்கு ரெண்டு வெளிநாட்டு கதை. இத்தாலியில பார்மலாட்னு ஒரு பால் கம்பெனி, பார்மா நகரத்துப் பக்கம், டான்சி குடும்பத்தோடது. அவங்களோட கேமன் தீவு கம்பெனி ஒண்ணு பேர்ல பேங்க் ஆஃப் அமெரிக்காவுல 395 கோடி யூரோ இருக்குன்னு கணக்கு. 2003 டிசம்பர் 19-ல அந்த பேங்கே, அப்படி ஒரு அக்கவுண்ட் இல்ல, அந்த லெட்டர் எங்களோடது இல்லன்னு சொல்லிடுச்சு. அந்த லெட்டர் பேங்க் லோகோவ ஸ்கேன் பண்ணி பார்மலாட் ஆபீஸ்லயே தயாரிச்சது, ஒரிஜினல் மாதிரி தெரியணும்னு ஃபேக்ஸ் மெஷின்ல ஒரு தடவை விட்டு எடுத்தாங்களாம். ஆடிட்டர் அனுப்பின கேள்வி லெட்டர் எப்படிப் போச்சு? பார்மலாட் தபால்லதான்.

சத்யம் நடந்து பதினோரு வருஷம் கழிச்சு ஜெர்மனியில வயர்கார்ட்னு ஒரு பேமென்ட் கம்பெனி. ஜெர்மனியோட டாப் 30 கம்பெனி லிஸ்ட்ல இருந்த கம்பெனிங்க அது, உள்ளூர் பேப்பர் எல்லாம் தூக்கி வச்சுக் கொண்டாடிட்டு இருந்துச்சு. 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ்ல ரெண்டு பேங்க்ல ஒரு டிரஸ்டி பேர்ல பத்திரமா இருக்குன்னாங்க. 2020 ஜூன்ல அந்த ரெண்டு பேங்கும் இந்த டாக்குமென்ட் போலின்னாங்க, பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி அந்தப் பணம் எங்க நாட்டுக்குள்ளயே வரலன்னுச்சு, ஒரே வாரத்துல கம்பெனி திவால். அதுக்கு முன்னாடி சிங்கப்பூர் பேங்க்ல பெரிய தொகை இருக்குன்னு சொல்லிட்டு இருந்த வருஷங்கள்லயும் ஆடிட்டர் அந்த பேங்க நேரா கேக்காம டிரஸ்டியும் கம்பெனியும் குடுத்த பேப்பர வச்சே ஓட்டிட்டாங்கன்னு செய்தி வந்துச்சு. அந்த ஆடிட்டரும் இதே நாலு பெரிய ஃபர்ம்ல ஒண்ணுதான். இத்தாலி, இந்தியா, ஜெர்மனி, மூணு ஆடிட் ஃபர்மும் வேற வேற, ஆனா மூணு இடத்துலயும் பேங்குக்கும் ஆடிட்டருக்கும் நடுவுல ஒரு கை.

ஏன் இப்படி நடக்குதுன்னா, காசு வாங்கிட்டு கண்ண மூடிக்கிட்டாங்கன்னு சொல்லிடறது சுலபம். சில இடத்துல அது நிஜமாவும் இருக்கலாம். ஆனா இந்த வேலைய உள்ள இருந்து பாத்தவனுக்கு அத விட சாதாரணமான காரணங்கள்தான் பயமா இருக்கு. ஆடிட் டீம்ல ஃபீல்டுக்குப் போறவன் இருபது, இருபத்திரெண்டு வயசுப் பையன். எதிர்ல உக்காந்திருக்கறவர் அவங்க அப்பா வயசு, சோறு போட்டிருக்கார், "தம்பி"ன்னு கூப்பிடறார். அவர்கிட்ட போய் உங்க லெட்டர நாங்க நம்ப மாட்டோம்னு சொல்ல நாக்கு எழும்பாது. மீறி சொன்னா அவர் நம்ம பார்ட்னருக்கு ஒரு ஃபோன் போடுவார், "பையன் கொஞ்சம் முரண்டு பண்றானுங்க". பார்ட்னருக்கு அந்த ஃபீஸ் வேணும். எந்தக் கம்பெனிய செக் பண்றோமோ அதே கம்பெனிதான் சம்பளம் குடுக்குது, இது உலகம் பூரா ஆடிட்ல இருக்கற வியாதி, இதுக்கு இதுவரைக்கும் யாரும் மருந்து கண்டுபிடிக்கல. மேல இருந்து சைன் பண்ற தேதி நெருக்கிட்டே இருக்கும், பேங்க் பதில் மட்டும் வராது, அப்போ யாராவது "நான் வாங்கித் தர்றேன்"னு வந்தா தெய்வம் வந்த மாதிரிதான் இருக்கும். போன வருஷம் இப்படித்தான் பண்ணோம், ஒண்ணும் ஆகல, இந்த வருஷமும் பண்ணுவோம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்." இந்த ஒரு வார்த்தையில நம்ம ஊர்ல எவ்ளோ விஷயம் கரைஞ்சு போகுது!

மேல இருந்த பெரிய மனுஷங்க என்ன பண்ணாங்கன்னும் பாக்கணும். போர்டுல ஹார்வர்டு ப்ரொஃபசர் இருந்தார், ஹைதராபாத் ஐஎஸ்பி பிசினஸ் ஸ்கூல் டீன் இருந்தார், பென்டியம் சிப்புக்குப் பேர் போன வினோத் தாம் இருந்தார், முன்னாள் கேபினட் செக்ரட்டரி இருந்தார். 2008 செப்டம்பர்ல நல்ல நிர்வாகத்துக்குன்னு கோல்டன் பீக்காக் அவார்டு வேற வாங்குச்சு கம்பெனி, அப்புறம் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. 2008 டிசம்பர் 16-ல அந்த போர்டுதான் ராஜு குடும்பத்தோட ரெண்டு மேடாஸ் கம்பெனிகள (சத்யம்னு இங்கிலீஷ்ல எழுதி கடைசில இருந்து படிச்சா வர்ற பேரு) 160 கோடி டாலருக்கு வாங்கலாம்னு ஓகே சொன்னது. மண்ணு, கட்டடம், மெட்ரோ வேலை பாக்கற கம்பெனிய சாஃப்ட்வேர் கம்பெனி எதுக்கு வாங்கணும்? இல்லாத காச இருக்கற நிலத்தால நிரப்பத்தான்னு ராஜுவே அப்புறம் லெட்டர்ல எழுதினார். முதலீட்டாளர்கள் கொதிச்சுப் போய் நியூயார்க்ல ஷேர் பாதிக்கு மேல விழுந்ததும் அரை நாள்ல வாபஸ். அந்த டீல் மட்டும் முடிஞ்சிருந்தா 5,040 கோடி ஓட்டை சத்தமில்லாம அடைஞ்சிருக்கும், நாம இத பேசிட்டே இருந்திருக்க மாட்டோம். அத தடுத்தது ஆடிட்டரும் இல்ல, போர்டும் இல்ல, ஷேர வித்துட்டு ஓடினவங்க.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ஒரு மொட்டைக் கடுதாசி, ஈமெயில்ல. உள்ள இருந்த யாரோ, போர்டு மெம்பர் ஒருத்தருக்கு, பேங்க் பேலன்ஸே இல்லங்க, செக் பண்ணுங்கன்னு எழுதியிருக்காங்க. அது ஆடிட் கமிட்டிக்குப் போச்சு, அங்கிருந்து எங்க போச்சு? ஆடிட்டருக்கு. யார் ஒழுங்கா செக் பண்ணலியோ அவங்ககிட்டயே புகார். நேரா பேங்குக்கு ஒரு ஃபோன் போட்டு கேட்டிருக்கலாம், யாரும் போடல. ராஜு தானே வாயத் திறக்கற வரைக்கும் வெளிய ஒண்ணும் வரல.

2015 ஏப்ரல் 9-ல ஹைதராபாத் ஸ்பெஷல் கோர்ட் பத்து பேருக்கு ஏழு வருஷ தண்டனை குடுத்துச்சு. ராஜு, அவரோட தம்பிங்க ரெண்டு பேர், சிஎஃப்ஓ, ரெண்டு ஆடிட் பார்ட்னர், கம்பெனியோட இன்டர்னல் ஆடிட் ஹெட், அப்புறம் ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்ல வேலை பாத்த மூணு பேர். எனக்கு இந்தக் கடைசி மூணு பேர் மேலதான் கவனம் போகும். சேர்மனுக்கும் ஏழு வருஷம், அவங்களுக்கும் ஏழு வருஷம். அபராதம் மட்டும்தான் வித்தியாசம், ராஜுவுக்கும் அவரோட ஒரு தம்பிக்கும் ஆளுக்கு அஞ்சரை கோடி. மேல இருந்து சொன்னாங்க, நான் செஞ்சேன்னு கோர்ட்ல சொன்னா எடுபடாது. அடுத்த மாசமே அப்பீல்ல தண்டனைய நிறுத்தி வச்சு எல்லாருக்கும் ஜாமீன் கிடைச்சது வேற விஷயம்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிடறேன், இல்லன்னா கணக்கு ஒருதலையா போயிடும். சத்யம்ல அப்போ 53,000 பேர் வேலை பாத்தாங்க, நம்ம பசங்களும் நிறைய பேர். ஜனவரி மாச சம்பளம் வருமான்னே தெரியாத நிலைமை. அரசாங்கம் பழைய போர்ட கலைச்சுட்டு தீபக் பரேக், கிரண் கார்னிக்னு புது ஆளுங்கள போட்டுச்சு, அதுல ஒருத்தர் நம்ம சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரன், சி.ஏ. இன்ஸ்டிடியூட்டோட பழைய பிரசிடென்ட். ஆடிட்டர்ங்களால மானம் போன கம்பெனிய தூக்கி நிறுத்தின டீம்லயும் ஒரு ஆடிட்டர் இருந்தார்ங்கறது எங்க லைன் ஆளுங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். சம்பளம் ஆளுங்க கைக்குப் போய் சேந்துச்சு, கஸ்டமர்ங்க பெரும்பாலும் விட்டுப் போகாம நின்னாங்க, ஏப்ரல் 13-ல டெக் மஹிந்திரா ஷேர் 58 ரூபாய்னு கேட்டு எடுத்துக்கிட்டாங்க. மூணு மாசத்துல இவ்ளோ வேலை.

அப்புறம் 2013 கம்பெனி சட்டம் வந்துச்சு. லிஸ்டட் கம்பெனியில ஒரே ஆடிட் ஃபர்ம் தொடர்ந்து ரெண்டு தடவை, அஞ்சஞ்சு வருஷத்துக்கு மேல உக்கார முடியாது, பெரிய மோசடி கண்ணுல பட்டா ஆடிட்டர் அரசாங்கத்துக்கு சொல்லியே ஆகணும், 2018-ல ஆடிட்டர்ங்கள கண்காணிக்க என்எஃப்ஆர்ஏன்னு தனி அமைப்பு வந்து இப்போ நல்லாவே அடிச்சுட்டு இருக்கு. நம்ம பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி 2018-ல பிரைஸ் வாட்டர்ஹவுஸுக்கு லிஸ்டட் கம்பெனி ஆடிட் பண்ண ரெண்டு வருஷம் தடை போட்டுச்சு, மறுவருஷம் அப்பீல்ல அந்தத் தடை போயிடுச்சு. கவர், ஸ்டாம்ப் எல்லாம் போய் இப்போ எல்லாம் மெயில். ஆனா "சார், பேங்க்ல இருந்து எனக்கு வந்துடுச்சு, உங்களுக்கு ஃபார்வர்ட் பண்றேன்"னு வாட்ஸப்ல பிடிஎஃப் அனுப்பற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அத பிரிண்ட் எடுத்து ஃபைல்ல சொருகற பசங்களும் இருக்காங்க. பிடிஎஃப்ல ஒரு எண்ண மாத்த ஸ்கேனர் கூட வேண்டாம் இப்போ.

அதனால நான் ஒரு கம்பெனி ஃபைல கையில எடுத்தா மொதல்ல போய் நிக்கறது லாபத்துகிட்ட இல்ல, வட்டிகிட்ட. எஃப்டி வட்டின்னு புக்ஸ்ல எவ்ளோ காட்டியிருக்காங்க, அதே வட்டிக்கு பேங்க் டிடிஎஸ் பிடிச்சு 26ஏஎஸ்ல எவ்ளோ ஏத்தியிருக்கு. 26ஏஎஸ் இன்கம் டாக்ஸ் சைட்ல பேங்க் போட்ட டிடிஎஸ் ரிட்டர்ன்ல இருந்து வர்றது, கம்பெனி அக்கவுண்டன்ட் நினைச்சாலும் அதுல ஒரு புள்ளி வைக்க முடியாது. அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டும் ஒத்துப்போகலன்னா, மதியம் மொதலாளி வீட்டு சாப்பாடு வேண்டாம்னு சொல்லிட்டு நேரா பேங்குக்கு கிளம்பிடுவேன், கூட யாரும் வர வேண்டாம்னு சொல்லிட்டு.